கடல்மட்டத்திலிருந்து

எங்கள் ஊரில் ஏறுவதற்கு ஒன்றுமில்லை.
கீரிமலை என்று ஒரு பெயர் இருக்கிறது;
மலை என்று நம்பிக் கால் வைத்தால்
கேணிக்குள்தான் இறங்கும்.

ஆகவே பெரியாஸ்பத்திரிப் படிகளில் ஏறினேன்,
மருந்தகத்தில் என் முறை முடிந்த பிறகு,
முதுகுப்பையில் பன்னிரண்டு கிலோ சின்ன வெங்காயத்தோடு.
கீழே, மேலே, கீழே, மேலே.
காவலாளி மூன்றாம் நாள் மறித்தார்.
"தங்கச்சி, ஆருக்கு என்ன வருத்தம்?
ஒவ்வொரு நாளும் ஓடுறீங்கள்."
"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை அண்ணை, மலைக்குப் போறன்."
"நுவரெலியாவோ?"
"அதுக்கும் மேல."
அவர் முகட்டைப் பார்த்தார், பிறகு பையைப் பார்த்தார்.
"வெங்காயம் மணக்குது" என்றார்.

பலாலியில் எழும்பிய விமானம்
எங்கள் காணிக்கு மேலால் போனது.
முட்கம்பிக்கு வெளியே நின்று
இத்தனை வருடம் எட்டிப் பார்த்தது,
ஜன்னலில் நான்கு விநாடி.
கிணறு தெரிந்தது.
வேறு யாருடைய கிணறாகவும் இருக்கலாம்.

லே.
காற்று இருந்தது,
சங்கக்கடையில் கூப்பனுக்கு அளந்து தருவதுபோல.
விரலில் கருவியை மாட்டினார்கள்: எழுபத்தொன்பது.
எங்கள் வார்ட்டில் அந்த எண்ணுக்கு
சிலிண்டரை உருட்டிக்கொண்டு ஓடுவோம்.
வழிகாட்டி ரிக்சின், "முதல் நாளுக்குப் பரவாயில்லை" என்று
உப்புப் போட்ட தேநீரை நீட்டினான்.
வெண்ணெய் மிதந்தது. குடித்தேன்.
கஞ்சி என்று நினைத்துக்கொண்டால் குடிக்கலாம்.

மந்திரம் வெட்டிய கற்களை அடுக்கி
நீளமாய் ஒரு சுவர். அது வலப்பக்கம் வர நடக்கவேண்டும் என்றான்.
எங்கள் வைரவரையும் அப்படித்தான் சுற்றுவோம்,
சொல்லித் தரத் தேவையிருக்கவில்லை.
சந்தியில் பித்தளை உருளை ஒன்று.
சுழற்றினேன்.
கொஞ்சத் தூரம் போன பிறகுதான் தெரிந்தது
யோசிக்காமல் சுழற்றியிருக்கிறேன் என்று.
எங்கள் பக்கம் ஓர் இரவில்
அரசமரத்தடியில் வெள்ளைச் சிலை முளைத்தால்
அடுத்த நாள் அளவையாளர்கள் வருவார்களோ என்றுதான் பார்ப்போம்.
இங்கே அதே கண்கள், அதே பாதி மூடிய இமை.
என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள், ஐயாயிரத்து இருநூறு மீட்டர்.
கணவாயில் முழந்தாளிட்டு வாந்தி எடுத்தேன்.
ரிக்சின் நெற்றியைத் தாங்கிப் பிடித்தான்.
"உன் வீடு எத்தனை மீட்டரில்?"
"ஐந்து. மாரிக்குக் கொஞ்சம் குறையும்."
அவன் சிரித்த சிரிப்பில் அவனுக்கே மூச்சு வாங்கியது.
கல்லொன்றைப் பொறுக்கித் தந்தான்: அதற்குள் சிப்பி.
"இது முன்பு கடல்" என்றான்.
கையுறை எடுக்கப் பையின் ஓரத்தைத் திறந்தேன்.
ஊதா நிறத்தில் ஒரு வெங்காயச் சருகு.
பிடிப்பதற்குள் பறந்து
கொடிகளில் நூலறுந்த ஒன்றைப்போல
திபெத் பக்கமாய்ப் போனது.

திரும்பி வந்த கிழமை
கந்தரோடைக்கு மோட்டார் சைக்கிளில் போனேன்.
சின்ன வயதில் பள்ளிக்கூட வானிலிருந்து பார்த்ததுதான்.
பனைகளுக்கு நடுவே
இடுப்பளவு, முழந்தாளளவு, கவிழ்த்த சட்டிகளாய் மேடுகள்.
கட்டியவர் என்ன மொழியில் கும்பிட்டார் என்று
பலகை ஒன்று சொல்கிறது,
பேப்பர்களில் வேறு பலர் வேறு சொல்கிறார்கள்.
குனிந்து பார்த்தேன். சுண்ணாம்புக் கல்.
அதற்குள் சிப்பி.

வலப்பக்கம் வைத்து நடக்கத் தொடங்கினேன்.
காவலுக்கு நின்ற ஆமிப் பெடியன்
துண்டு துண்டாய்த் தமிழில் கேட்டான்,
"அக்கா எங்க போனது? முகம் எரிஞ்சிருக்கு."
"மலைக்கு."
"எனக்கும் மலைதான். பண்டாரவளை." கொஞ்சம் நின்று,
"அங்க குளிரா?"
"சரியான குளிர்."
அவன் தொப்பியைக் கழற்றி வேர்வையைத் துடைத்தான்.
மிச்சமிருந்த இருமல் இனிப்பு ஒன்றைக் கொடுத்தேன்.
வாங்குவதா என்று யோசித்தான், கொடுத்ததா என்று நானும்.
மத்தியானம் பன்னிரண்டரை.
இன்னும் அரைச்சுற்று இருந்தது.